ஏழாம் அறைக்கு எழுதிய வரி

வெங்கடநாராயணன் சாரை நான் முதலில் பார்த்தபோது அவர் எங்கள் அலுவலக மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

கல்கத்தாவில் டாலிகஞ்சில், சினிமா ஸ்டுடியோக்களுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் இல்லம். தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத வயதானவர்களையும் நோயாளிகளையும் வைத்துப் பராமரிக்கிறோம். நான் அங்கே மேட்ரன். அன்று காலை கணினி நின்றுபோய்விட்டது. யாருக்கு என்ன சாப்பாடு, யாருக்கு எந்த மாத்திரை என்று எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தோம். மனைவியை ஏழாம் அறையில் சேர்க்க வந்த இவர், கையெழுத்துப் போடக் காத்திருந்த நேரத்தில், நான் கொஞ்சம் பார்க்கட்டுமா சிஸ்டர் என்று கேட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டார். எலி கடித்த ஒரு கம்பியை மாற்றினார். கணினித் திரைகள் திரும்ப ஒளிர்ந்தன.

மனைவியை இப்படி ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த முதல் நாளில் கையும் காலும் ஓடாது. சிலர் அழுவார்கள். சிலர் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை என்று சண்டை பிடிப்பார்கள். இவர் கம்பியை மாற்றினார். அதற்குப் பிறகு எங்கள் கணினி முழுவதும் அவர் பொறுப்பாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அப்படி ஆகிவிட்டது.

பவானிபூரில் பிறந்தவர். அப்பா ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாக வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். இவர் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். தெருமுனை டீக்கடையில் ஃபுட்பால் பேச ஆரம்பித்தால் அவரை எழுப்பிக் கொண்டுவர ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். மனைவி சாவித்ரி கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, காய்கறிக்காரனோடு பேரம் பேசும் அளவுக்கு வங்காளம் கற்றுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டவர். மழைக்காலத்தில் கீழ்வீட்டில் இலிஷ் மீன் பொரித்தால் சமையலறை ஜன்னலைச் சாத்திவிடுவாராம். கீழ்வீட்டு அம்மாளோடு சண்டையெல்லாம் கிடையாது. துர்கா பூஜைக்கு இருவரும் ஒருவருக்கொருவர் புடவை கொடுத்துக்கொள்வார்கள். ஜன்னல் மட்டும் சாத்தப்படும்.

அறுபது வயதாவதற்கு முன்பே சாவித்ரியம்மாளுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. சார் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்திருக்கிறார், வந்த அன்று அந்த அம்மாளின் முதுகில் ஒரு புண் கிடையாது, நகங்கள் வெட்டியிருந்தன. ஒரு நாள் இவர் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மாள் கதவைத் திறந்துகொண்டு போய், ஹாஜ்ரா முச்சந்தியில் பஸ்களுக்கு நடுவே நின்றிருக்கிறார். அதன் பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்.

இனி அந்தக் கணினி விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, செர்வர் என்பார்கள். சமையலறைத் திரையிலும் நர்ஸ் மேஜையிலும் தெரிவதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சால்ட் லேக்கில் ஐந்தாம் செக்டரில் இருக்கும் ஒரு கம்பெனி அதைக் கொடுத்தது. எல்லா இல்லங்களுக்கும் ஒரே மாதிரி தைத்துக் கொடுத்த சட்டை அது. எங்களுக்குக் கை நீளமாகவும் கழுத்து இறுக்கமாகவும் இருந்தது. அதை எங்கள் உடம்புக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்தவர் வெங்கடநாராயணன் சார். சமையலறைத் திரையில் வங்காள எழுத்து வரவைத்தார். அழைப்பு மணி அடித்தால் பட்டாளத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அவர் இருந்த மாடிக்கு மட்டும் மணியை நிறுத்தி விளக்காக மாற்றினார். சாப்பாட்டு விதிகளையும் அவர்தான் எழுதினார்.

சாப்பாட்டு விதிதான் இங்கே முக்கியம். இந்த ஊரில் நோயாளி என்றால் மீன் ஸ்டூ. உயிரோடு வாங்கிய ஷிங்கி அல்லது மாகுர் மீன், பச்சைப் பப்பாளி, வாழைக்காய், இஞ்சி, சீரகம், தண்ணீராக ஒரு குழம்பு. மசித்த சோற்றில் அதை விட்டுக் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்து எழுந்த குழந்தைக்கும் அதுதான், ஆப்பரேஷன் ஆன கிழவருக்கும் அதுதான். கம்பெனி கொடுத்த நிரலிலும் மசித்த உணவு என்று குறித்தால் மதியத்துக்கு மீன் ஸ்டூ என்றுதான் சமையலறைத் திரையில் வரும். சைவம் என்று குறிக்கப்பட்டவருக்கு அது வராமல் பருப்புத் தண்ணீரும் சோறும் வரும்படி சார் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அது நன்றாகவே வேலை செய்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சாவித்ரியம்மாள் வாயை மூடிக்கொண்டார். இந்த நோயில் இப்படி ஒரு கட்டம் வரும். கரண்டி உதட்டைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விழுங்குவதும் கஷ்டமாகிக்கொண்டிருந்தது, அதனால் அவரை மசித்த உணவுக்கு மாற்றினோம். அதுவும் இறங்கவில்லை. சார் தினமும் பவானிபூரிலிருந்து மெட்ரோவில் டிபன் கேரியரோடு வருவார். ரசம் சாதத்தைக் குழைத்து, தயிர் சாதத்தைக் குழைத்து, நெய் விட்டு, நெய் விடாமல், எல்லா விதமாகவும் செய்து பார்த்தார். சமைக்கத் தெரியாத மனிதர். கேரியரை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போவார். அம்மாளின் தோள் எலும்பு மேலே வந்தது, தாடை ஒட்டிப்போனது. நாற்காலித் தராசில் ஒவ்வொரு முறை உட்காரவைக்கும்போதும் எடை இறங்கியிருந்தது.

மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னார். அதன் அர்த்தத்தைச் சாருக்கு நான்தான் விளக்கினேன். இந்த நிலையில் உள்ளவர்கள் குழாயைப் பிடுங்குவார்கள். பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டும். கட்டினாலும் ஆயுள் கூடும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். குழாய் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படியானால் அம்மா குளிர்காலத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

இந்த நேரத்தில்தான் செர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டி வந்தது. பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்று கம்பெனி எழுதிவிட்டது. எப்போது மாற்றுவது என்ற கேள்வியே இல்லை. கல்கத்தாவில் இந்த மாதிரி வேலைகள் எல்லாம் துர்கா பூஜையில்தான் நடக்கும். ஊரே விடுமுறையில் இருக்கும், அலுவலகம் மூடியிருக்கும், இல்லத்தில் இருப்பவர்களில் பாதிப் பேரை உறவினர்கள் வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். வங்கியில் இருந்த காலத்திலும் ஒவ்வொரு பூஜைக்கும் இவர்தான் மெஷினோடு உட்கார்ந்திருப்பாராம். பூஜோ உங்களுடையது இல்லையே தாதா என்று மற்றவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டு நவராத்திரியும் அன்றைக்குத்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வீட்டில் சாவித்ரியம்மாள் கொலு வைத்து, தானே சுண்டல் செய்து, தானே கொடுத்து முடித்திருப்பார்.

நான் பூஜைக்கு ஜாம்ஷெட்பூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. புதியதைப் போடுவதற்கு முன் நாம் மாற்றிய வரிகளையெல்லாம் தனியே எடுத்து வைத்துவிட்டேன் என்றார். பழைய கோப்பைத் தூக்கி அப்படியே புதியதன் மேல் போடக் கூடாதாம். புதிய பதிப்புக்கு அதன் சொந்த ஏற்பாடுகள் இருக்கும், அவை செத்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்து, நம்முடையதை மட்டும் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டுமாம். பணி மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸுக்கு நோயாளியை ஒப்படைக்கிற மாதிரிதான் என்றேன். ஆமாம் என்றார்.

துர்கா பூஜைக்குப் பின்னாலேயே வரும் லக்ஷ்மி பூஜையும் முடிந்து திரும்பி வந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஏழாம் அறைக்கு வெளியே வைத்திருந்த தட்டு. கிண்ணம் வழித்துத் துடைத்ததுபோல் காலி. யார் சாப்பிட்டது என்று கேட்டேன். பணிப்பெண் ஷெஃபாலி, மாஷிமாதான், இப்போதெல்லாம் முழுக்கச் சாப்பிடுகிறாள் என்றாள். வயதான பெண்களை இங்கே மாஷிமா என்றுதான் கூப்பிடுவார்கள், சித்தி என்கிற மாதிரி. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கிண்ணத்தை எடுத்து முகர்ந்தேன். மாகுர் மீன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டு வெடிப்பு ஆறியிருந்தது. தராசில் உட்காரவைத்தேன். எடை ஏறியிருந்தது, கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. சமையலறைத் திரையில் ஏழாம் அறைக்கு நேராக மீன் ஸ்டூ என்று இருந்தது. எங்கள் சமையற்காரர் ஹரிபதா இருந்திருந்தால் மதராஸி மாஷிமாவுக்கா மீன் என்று கேட்டிருப்பார். அவர் மேதினிபூரில் தன் கிராமத்துக்குப் பூஜைக்குப் போயிருந்தார். பதிலுக்கு வந்தவன் திரையில் இருப்பதைச் சமைத்தான். ஷெஃபாலி புதியவள், கிண்ணத்தில் வந்ததை ஊட்டினாள். அம்மாள் வாயைத் திறந்ததும் அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. அவள்மேல் தப்பில்லை. சாப்பிடாத நோயாளி சாப்பிட்டால் நானும் யோசித்திருக்க மாட்டேன்.

மாலையில் வெங்கடநாராயணன் சார் வந்ததும் சொன்னேன். இந்த மாதிரி செய்தியைச் சுற்றி வளைக்கக் கூடாது. உங்கள் மனைவிக்குப் பூஜையிலிருந்து மீன் போயிருக்கிறது, அவர் அதைச் சாப்பிடுகிறார் என்றேன். அவர் நேராக அலுவலகத்துக்குப் போய்ப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு விளக்கினார். சைவம் என்ற வரியை அவர் விட்டுவிடவில்லை, ஒழுங்காகப் பதிந்திருந்தார். பழைய பதிப்பில் அந்த வரி கடைசியில் பேசும், அதன் பேச்சுதான் நிற்கும். புதிய பதிப்பில் மசித்த உணவு என்ற விதி கடைசியில் பேசுகிறது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அவர் சோதித்துப் பார்த்த சைவக்காரர்கள் எல்லோரும் சாதாரணச் சோறு சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்குச் சரியாகவே வந்தது. சைவமும் மசித்ததும் சேர்ந்த ஆள் அப்போது இல்லத்தில் ஒருவர்தான்.

"எல்லாரையும் செக் பண்ணினேன் சிஸ்டர்," என்றார். "அவளை மட்டும் பண்ணலை. அவ எதையும் திங்கலையே, அவளுக்கு என்ன வந்தா என்னன்னு விட்டுட்டேன்."

மறுநாள் மதியம் அவர் வந்து நின்று பார்த்தார். விதியை இன்னும் திருத்தவில்லை. ஷெஃபாலி கரண்டியைக் கொண்டுபோனதும் அந்த அம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கிண்ணம் முடிந்தபோது, "இன்னும்," என்றார். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. சார் வெளியே போய் வராந்தாச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊரிலிருந்து திரும்பிய ஹரிபதாவிடம் அதே ஸ்டூவை மீன் இல்லாமல் செய்யச் சொன்னேன். அதே இஞ்சி, அதே பப்பாளி, அதே சீரகம். சாவித்ரியம்மாள் ஒரு வாய் வாங்கினார். பிறகு உதட்டை மூடிக்கொண்டார். பனீர் போட்டுப் பார்த்தோம், பாலில் வேகவைத்துப் பார்த்தோம். இல்லை. அவருக்கு வேண்டியது மீன்தான். இந்த நோயில் ருசி மாறிப்போவது புதிதல்ல. ஆயுசு முழுக்க இனிப்பைத் தொடாத ஒருவர் சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பெங்களூரில் இருக்கும் மகள் வித்யாலட்சுமிக்கு சார் அதன் பிறகு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்தப் பெண் இன்றைக்கே நிறுத்துங்கள் என்றாள். அவள் வீட்டில் கோழி எல்லாம் சமைப்பார்களாம், அதை அவளே சொன்னாள். அது என் இஷ்டம், இது அம்மா இஷ்டம், அம்மா இஷ்டம் என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும் என்றாள். பசிக்கிறதே அவளுக்கு என்றார் இவர். "பசிக்கிறது யாருக்கோ அப்பா. அம்மாவுக்கு இல்லை," என்றாள் அவள். அந்தப் பெண்ணையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

போனை வைத்த பிறகு சார் ஒன்று சொன்னார். முன்பு பித்தப்பை ஆப்பரேஷன் ஆகி சாவித்ரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆயா ஒருத்தி நல்ல எண்ணத்தில் இதே ஸ்டூவைக் கொண்டுவந்து வைத்தாளாம். சாவித்ரி அதைத் தள்ளிவிட்டு இவரிடம் சொன்னாராம்: "எனக்குப் புத்தி பேதலிச்சாலும் இதை மட்டும் என் வாய்ல விட்றாதீங்கோ." அப்போது இவர் சிரித்தாராம். புத்தி பேதலித்தால் அது மீன் என்று உனக்குத் தெரியவா போகிறது என்று கேலி செய்தாராம்.

என் அபிப்பிராயத்தை அவர் கேட்டார். பசித்தவருக்குச் சோறு போட வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் அம்மா அன்றைக்கு அப்படிக் கேட்டுக்கொண்டது என்னிடம் இல்லை என்றேன்.

விதியை அப்படியே விட்டுவைக்க வழியில்லை. பட்டாச்சார்ஜி மாஷிமா என்று ஒரு விதவை அம்மாள், வெங்காயம்கூடத் தொடாதவர், பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். மசித்த உணவோடு அவர் திரும்பி வருவதாக இருந்தது. அவருக்கும் மீன் போய்விடும். சாருக்கு அது புரியாமல் இல்லை. அந்த அம்மாள் வரும் முன்பே விதிகளின் வரிசையைச் சரிசெய்து, இந்த முறை எல்லோரையும் வைத்துச் சோதித்து, சைவம் கடைசியில் பேசும்படி செய்துவிட்டார். மகளுக்கும் போன் செய்து சரி பண்ணிவிட்டேன் என்றார். அது உண்மைதான்.

ஏழாம் அறைக்குத் திரும்பவும் பருப்புத் தண்ணீர் வந்தது. சாவித்ரியம்மாள் வாயை மூடிக்கொண்டார். ஆனால் இந்த முறை முன்பு மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கவில்லை. கதவில் தட்டுச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். கரண்டி அருகில் வந்ததும் மூக்கைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஷெஃபாலியின் கையைத் தட்டிவிடுவார். பக்கத்து அறைக்கு மீன் போகும்போது அந்த வாசனைக்குத் தலையைத் திருப்புவார். சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதல் நாள் உட்கார்ந்தார், மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மதியத்துக்கு முன் எழுந்து அலுவலகத்துக்குப் போனார்.

நான் போனபோது திரையைக் காட்டினார். விதிகளுக்கெல்லாம் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது. ஏழாம் அறை, சாவித்ரி, மசித்த உணவு, மீன்.

"மெஷின் தப்பாப் பண்ணினப்போ பழியை அதுமேல போட்டுக்கலாம்னு இருந்தது," என்றார். "இப்போ நான்னா எழுதியிருக்கேன்."

எழுதியது நான் என்றால் ஊட்டுவதும் நானாக இருக்கட்டும் என்று சொல்லிக் கிண்ணத்தை அவரே வாங்கிக்கொண்டார். வங்கியில் வங்காளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் என்பதால் மீன் அவருக்குப் புதிதில்லை. மசித்த பிறகும் விரலால் அளைந்து முள் இருக்கிறதா என்று பார்ப்பார். தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு வாய் இறங்கியதா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் என்று நான் சொல்லிக் கொடுத்தபடியே கொடுப்பார். எடை மெதுவாக ஏறியது. கார்த்திகை போய் மார்கழிக் குளிர் வந்தது. அம்மாள் வெயிலில் உட்கார ஆரம்பித்தார்.

ஒரு மதியம் நான் அந்த அறையில் போர்வை மாற்றிக்கொண்டிருந்தேன். பாதிக் கிண்ணத்தில் அம்மாள் நிறுத்தினார். சாரின் கையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, எனக்கு முன்பின் தெரியாத ஒரு குரலில், வீட்டில் அதிகாரமாகப் பேசிப் பழகிய ஒரு பெண்ணின் குரலில் சொன்னார்.

"கையை அலம்பிண்டு வாங்கோ. அப்பறம் உள்ள வரலாம்."

சார் எழுந்தார். குழாயடியில் நெடுநேரம் கை கழுவினார். ஆபீஸிலிருந்து மீன் பொரியல் தின்றுவிட்டு வரும் நாட்களில் வாசலிலேயே நிறுத்தி இதைத்தான் சொல்லுவாள் சிஸ்டர் என்றார். திரும்பி உள்ளே வந்தபோது அம்மாள் அவரை யாரென்று தெரியாமல் பார்த்தார். வாயைத் திறந்து காத்திருந்தார். மீதியை ஷெஃபாலி ஊட்டினாள். அதன் பிறகு அவர் ஊட்டவில்லை. வருவார், கட்டிலின் மறுபக்கம் உட்காருவார். அந்த வரியை எடுக்கவும் இல்லை.

தை பிறந்து கொஞ்ச நாளில் நெஞ்சில் சளி கட்டியது. சாப்பாடு நுரையீரலுக்குப் போனதா, குளிரா, எதனால் என்று சொல்ல முடியாது. இந்த நோயில் முடிவு பெரும்பாலும் இப்படித்தான் வரும். டாக்டர் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சார் சொன்னார். மகள் வந்து சேரும்வரை மூச்சு இருந்தது. அம்மாளின் உடம்பை நானும் ஷெஃபாலியும் துடைத்தோம். மழைக்காலத்தில் போயிருந்தால் எலும்பைத் துடைத்திருப்போம்.

காரியங்கள் எல்லாம் பவானிபூரில் நடந்தன. முடிந்த பிறகு சாமான்களை எடுத்துப் போக அப்பாவும் மகளும் இல்லத்துக்கு வந்தார்கள். எங்கள் பணியாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் போனாலும் ஒரு நாள் கூடத்து மேஜையில் படம் வைத்து, ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றி, போனவருக்குப் பிடித்ததை முன்னால் வைப்பார்கள். சிராத்தத்தில் வங்காளிகள் வீட்டில் செய்கிற மாதிரிதான். ரயில்வேயில் இருந்த ஒரு பெரியவருக்குப் பீடி பற்றவைத்து வைத்தார்கள். அன்று நான் மாடியில் டாக்டரோடு இருந்தேன். கீழே இறங்கி வந்தபோது சாவித்ரியம்மாளின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. ஷெஃபாலி தன் கையாலேயே சமைத்திருந்தாள். வித்யாலட்சுமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது யாருக்கு என்று அவள் வங்காளத்தில் கேட்டாள். கல்கத்தாவில் வளர்ந்த பெண் அல்லவா. மாஷிமாவுக்குத்தான் அக்கா, கடைசி வரைக்கும் இதைத்தானே ஆசையாகச் சாப்பிட்டாள் என்றாள் ஷெஃபாலி. அவளுக்கு எதையும் மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அது ஒரு நல்ல விஷயம்.

வித்யாலட்சுமி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நிறுத்திட்டேன்னு எங்கிட்ட சொன்னேளே."

"ரூலைச் சரி பண்ணிட்டேன்னுதான் சொன்னேன்," என்றார். பிறகு, அந்தப் பதில் தனக்கே பொறுக்காததுபோல், "அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதினேன். நான்தான் எழுதினேன். அவ கேட்டா, வித்யா."

"அம்மா கேட்டது வேற."

"தெரியும்."

கூடத்தில் இருந்த பெண்களுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் எல்லோரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வித்யாலட்சுமி கத்தவில்லை. ஒரு தட்டை எடுத்துக் கிண்ணத்தை மூடினாள். கிண்ணத்தை எடுக்கப் போய், எடுக்காமல், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஷெஃபாலி அழ ஆரம்பித்தாள். நான் அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டுக் கிண்ணத்தை நானே எடுத்துப் போனேன்.

திரும்பி வரும்போது அந்தப் பெண் நடையில் எனக்காக நின்றிருந்தாள். சிஸ்டர் ஆன்ட்டி, அம்மா எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டாள். ருசித்துச் சாப்பிட்டாங்க என்றேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லலாம், உள்ளுக்குள் மன்னித்திருப்பாள் என்று சொல்லலாம். எனக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை. அவள் வெளியே போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். சார் சாமான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

மறு வாரமே அவர் தனியாக வந்தார். ஏழாம் அறைக்கு வேறு ஆள் வருவதற்குள் அந்த வரியை எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தார். எங்கள் கணினியை இன்னும் அவர்தான் பார்க்கிறார். பெங்களூருக்கு வந்துவிடச் சொல்லி மகள் கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறதாம். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று கேட்பாளாம், மழையா என்று கேட்பாளாம்.

"சாப்பிட்டேளான்னும் கேக்கறா," என்றார் ஒரு நாள், விசைப்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ன சாப்பிட்டேள்னு மட்டும் கேக்கறதில்லை சிஸ்டர். அதோட போனை வெச்சுடறா."